எழுதியதும் வாசித்ததும்

'திட்டமிட்ட செல் மரணம்' என்ற தொடரைத் தமிழில் முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஐந்தாண்டுத் திட்டம் ஞாபகம் வந்தது. அடுத்து, தினசரிகளில் அடிக்கடி வரும் 'திட்டமிட்ட கொலை'. இரண்டிலும் திட்டம் போட்ட ஆள் ஒருவர் இருக்கிறார்; ஒன்றில் டெல்லியில், மற்றதில் தலைமறைவாக. செல் சாவதில் அப்படி யாரும் இல்லை. மூலத்தில் இருக்கும் சொல் 'புரோக்ராம்'. அதன் கிரேக்க வேர் 'முன்னதாக எழுதுவது' என்பதோடு நின்றுகொள்கிறது. எழுதியவரைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த வேரை ஒட்டி மொழிபெயர்க்கப் போனால் நமக்குக் கிடைப்பது 'விதிக்கப்பட்ட' என்பது. உடனே பிரம்மா வந்து உட்கார்ந்துகொள்வார். ஆக, தமிழில் ஒரு செல் செத்தால் அது ஒன்று கொலை, இல்லை தலையெழுத்து. மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை என்பது மொழிபெயர்ப்பாளர்களின் பிரச்னை மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

நான் விஞ்ஞானி அல்ல. 34 வருஷம் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவன். கவிதை எழுதி நிறுத்தியவன். இதைப் படிப்பவர்களில் பலருக்கு அது மறந்திருக்கும், நல்லதுதான். செல்லின் சாவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது என் தம்பியால். அவனிடம் பிறகு வருகிறேன்.

1964இல் பட்டுப்பூச்சியின் தசைகள் குறித்த நேரத்தில் கரைந்து போவதைப் பற்றி எழுதிய லாக்‌ஷின், வில்லியம்ஸ் என்ற இருவர்தான் 'புரோக்ராம்' என்ற சொல்லைச் சாவோடு சேர்த்தார்கள். 1972இல் கெர், வைலி, கர்ரி என்ற மூவர் இதற்கு இன்னொரு பெயர் வைத்தார்கள்: அபாப்டோஸிஸ். ஸ்காட்லாந்தில் அபர்தீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஒருவரிடம் போய்க் கேட்டு வாங்கிய சொல் அது. மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கிற சொல். விஞ்ஞானிகள் கிரேக்க வாத்தியாரிடம் போய்ப் பெயர் கேட்டார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரில் தமிழ் வாத்தியாரிடம் யாரும் போவதில்லை. போயிருந்தாலும் அவர் என்ன கொடுத்திருப்பாரோ, அதுவும் சந்தேகம்தான்.

ஆனால் 'உதிர்தல்' என்று சொன்னவுடன் நம்மில் பலருக்கு இலையுதிர் காலம் என்ற இறக்குமதிச் சரக்கு வந்துவிடுகிறது. மெட்ராஸில் இலையுதிர் காலம் கிடையாது. எல்டாம்ஸ் ரோடிலிருந்து உள்ளே போகிற சந்து ஒன்றில், நாங்கள் 1961லிருந்து குடியிருந்த போர்ஷனின் வாசலில், ஒரு நாட்டு வாதுமை மரம் இருந்தது. வருஷத்தில் இரண்டு தடவை அது இலையைச் சிவப்பாக்கிக் கீழே போடும். கையகல இலை, விழும்போது தட்டென்று சத்தம் வரும். ஒரு புயலில் அதன் கிளை ஒன்று முறிந்து, பட்டையில் தொங்கிக்கொண்டு நின்றது. அந்தக் கிளையின் இலைகள் காய்ந்தன, கறுத்தன, சுருண்டன. ஆனால் விழவில்லை. மாசக்கணக்கில் சருகாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அம்மா அதைப் பார்க்கச் சகிக்காமல் ஆள் வைத்து வெட்டச் சொன்னாள். விழாததற்குக் காரணம் பிறகுதான் படித்தேன்: இலை விழுவதற்கு, காம்படியில் உயிரோடிருக்கிற செல்கள் வரிசை ஒன்று வேலை செய்து ஒரு பிரிகோட்டை உண்டாக்க வேண்டும். செத்த கிளைக்கு அந்தத் திராணி இல்லை. உதிர்வது உயிருள்ள மரம் செய்கிற காரியம்.

அபாப்டோஸிஸ் என்பதும் அதுதான். அடிபட்டு, வெந்து, விஷம் ஏறிச் சாகிற செல் ஊதி வெடிக்கும், சுற்றுப்புறத்தை அழற்சியாக்கும். இது அப்படி இல்லை. செல் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது, தன் டி.என்.ஏ.வைத் தானே துண்டு போடுகிறது, சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது, பக்கத்துச் செல்கள் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகின்றன. நம் விரல்களுக்கு நடுவே இருந்த சவ்வு இப்படித்தான் போயிற்று. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில் இதை எண்ணியே பார்த்துவிட்டார்கள்: வளரும்போது 1090 செல்கள் உண்டாகின்றன, 131 சாகின்றன, 959 மிஞ்சுகின்றன. ஒவ்வொரு புழுவிலும் அதே 131. இந்த வழியில் வேலை செய்த பிரென்னர், ஹோர்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் நரம்பு மண்டலத்திலும், கருவில் உண்டாகிற நரம்பணுக்களில், பல பகுதிகளில் பாதியளவு இப்படிக் கழிந்துபோகிறது.

1992இல் மார்ட்டின் ராஃப் என்பவர் இதிலிருந்து ஒரு சித்தாந்தத்துக்குப் போனார். செல்லுக்கு இயல்பான நிலை சாவுதான். பக்கத்துச் செல்கள் ஓயாமல் 'இரு, இரு' என்று சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருப்பதால்தான் அது இருக்கிறது, சமிக்ஞை நின்றால் போய்விடும் என்றார். முதல் தடவை இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் தம்பிதான். மறுபடியும் அவன் வந்துவிட்டான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

அம்மாவுக்கு எல்லாமே தலையெழுத்து. விஞ்ஞானம் படித்த என் அலுவலக நண்பர்களுக்கும் அதேதான்; எழுத்து தலையிலிருந்து டி.என்.ஏ.வுக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவே. பிரம்மா எழுதியதை அழிக்க முடியாது என்று அம்மா சொன்னாள். ஜீனில் இருப்பதை மாற்ற முடியாது என்று அவர்கள் சொன்னார்கள். சொல்லும்போது முகத்தில் வருகிற அந்த நிம்மதி இரண்டு பக்கத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். எழுதியாகிவிட்டது என்றால், அதற்குமேல் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை அல்லவா.

இந்த நிம்மதியைக் கெடுக்கிறவை, ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள். மனித உடம்பில் இவை 1500க்கு மேல். டி.என்.ஏ.வில் இருப்பது நேராகக் காரியமாகிவிடுவதில்லை. அதிலிருந்து ஆர்.என்.ஏ. என்று ஒரு பிரதி எடுக்கப்படுகிறது. பிரதியில் நடுநடுவே வேண்டாத நீளங்கள் இருக்கும். அவற்றை வெட்டி எறிந்து, வேண்டிய துண்டுகளை ஒட்ட வேண்டும். எதை வெட்டுவது, எதை ஒட்டுவது, ஒட்டியதை உட்கருவிலிருந்து எப்போது வெளியே விடுவது, எவ்வளவு நேரம் உயிரோடு வைத்திருப்பது, எத்தனை தடவை படிப்பது, எப்போது கிழித்துப் போடுவது - இவ்வளவையும் பார்ப்பது இந்தப் புரதங்கள். செல்லுக்குள் ஆர்.என்.ஏ. தனியாக இருக்கும் கணமே கிடையாது. பிறந்துகொண்டிருக்கும்போதே இவை வந்து அதன்மேல் உட்கார்ந்துவிடுகின்றன. உரை இல்லாத மூலம் அங்கே இல்லை.

ஒரு உதாரணத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஃபாஸ் என்று ஒரு புரதம். செல்லின் மேல்தோலில் ஊன்றி நிற்கும். வெளியிலிருந்து அதற்கான சேதி வந்து தொட்டால் செல் உதிர்ந்துவிடும். சாவின் அழைப்பு மணி என்று வைத்துக்கொள்ளலாம். இதன் ஆர்.என்.ஏ.வில் ஆறாவது துண்டுதான் ஃபாஸைத் தோலில் ஊன்றி நிறுத்துகிற பாகம். டியா-1 என்ற புரதம் அந்தத் துண்டின் பக்கத்தில் உட்கார்ந்தால், ஆறாவது துண்டு வாசிக்கப்படுகிறது. ஃபாஸ் தோலில் நிற்கிறது. செல் சாகத் தயார். பி.டி.பி. என்ற வேறொரு புரதம் அங்கே உட்கார்ந்தால் ஆறாவது துண்டு தாண்டப்படுகிறது. அப்போது உண்டாகிற ஃபாஸுக்கு ஊன்ற இடமில்லை. வெளியே மிதந்துபோய், வருகிற சாவுச் சேதியை வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. செல் பிழைக்கிறது. இது 2005இல் தெரிந்தது. எழுத்து ஒன்றுதான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. வாசித்தால் சாவு, வாசிக்காமல் விட்டால் வாழ்வு.

இன்னொன்று: ஹு-ஆர் என்ற புரதம். செல்லுக்குக் கஷ்டகாலம் வந்தால் இது உட்கருவிலிருந்து வெளியே வந்து, பிழைப்பதற்கு வேண்டிய சேதிகளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும், அழியவிடாது. கஷ்டம் ஒரு அளவுக்கு மேல் போய்விட்டால், காஸ்பேஸ் என்கிற வெட்டுக் கத்திகள் இதை ஒரே இடத்தில் இரண்டாக நறுக்குகின்றன. நறுக்கிய துண்டுகள், முன்பு எதைத் தடுத்துக்கொண்டிருந்தனவோ அந்தச் சாவையே முன்னால் தள்ளிவிடுகின்றன. காப்பாற்றியவனே. பெயரில் உள்ள 'ஹு' ஒரு நோயாளியின் பெயரின் முதல் எழுத்துகள். புற்றுநோயின் விளைவாக நரம்பு கெட்ட அந்த ஒருவருடைய ரத்தத்திலிருந்து இந்தக் குடும்பத்துப் புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். ஆள் போய்விட்டார், இரண்டு எழுத்து நின்றுவிட்டது.

இதைப் படித்துக்கொண்டு போகும்போது எனக்கு நச்சினார்க்கினியர் ஞாபகம் வராமல் இருக்க முடியவில்லை. பத்துப்பாட்டுக்கு அவர் சொன்ன உரையில், இந்த அடியில் உள்ள சொல்லை எடுத்து எங்கேயோ இருக்கிற அடியோடு கொண்டுபோய் 'மாட்டு' என்று மாட்டிவிடுவார். பாட்டு வேறு பாட்டாகிவிடும். இது பாட்டைச் சிதைப்பது என்று மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் கோபப்பட்டார். கோபம் நியாயம்தான். ஆனால் நச்சினார்க்கினியர் இல்லாமல் அந்தப் பாட்டுகள் நமக்கு எந்த அளவு விளங்கியிருக்கும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. உ.வே.சா.வின் வேலையில் பாதி, எதை இடைச்செருகல் என்று ஒதுக்குவது என்று தீர்மானிப்பதில் போயிற்று. சேர்ப்பது மட்டும் வாசிப்பு இல்லை. விடுவதும் வாசிப்புதான்.

இந்த இடத்தில் என் நண்பர் ஒருவர் - நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர், எண்பதுகளில் 'ஆசிரியன் செத்துவிட்டான்' என்ற பிரெஞ்சுச் சேதியை நமக்கெல்லாம் கொண்டுவந்து சேர்த்தவர் - குதூகலப்பட்டார். "பார்த்தீரா, செல்லிலும் ஆசிரியன் கிடையாது, வாசகன்தான் எல்லாம்" என்றார். எனக்கு அந்தக் குதூகலம் பிடிக்கவில்லை. செல்லின் வாசகனுக்கு வாசிக்கத் தெரியாது. டியா-1க்கு ஆறாவது துண்டின்மேல் ஆசையும் இல்லை, பி.டி.பி.க்கு இரக்கமும் இல்லை. யார் எத்தனை பேர் அந்த நேரத்தில் அங்கே இருக்கிறார்கள், யார் மேல் எந்தப் பாஸ்பேட் ஒட்டியிருக்கிறது, உஷ்ணம் என்ன - இதைப் பொறுத்துக் காரியம் நடக்கிறது. பிரம்மாவைக் கீழே இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் நச்சினார்க்கினியரை ஏற்றுவதில் தலையெழுத்து ஒழிந்துவிடாது. எழுத்திலிருந்து உரைக்கு இடம் மாறும். விஞ்ஞானிகளும் இதில் உத்தமர்கள் அல்ல. 'தற்கொலை', 'மரண தண்டனை', காஸ்பேஸுக்குத் 'தூக்கிலிடுகிறவன்' - இதெல்லாம் அவர்களுடைய கட்டுரைகளில் சர்வ சாதாரணமாக வருகிற சொற்கள். கடவுளை வெளியேற்றிய வீட்டில் கோர்ட்டும் ஜெயிலும் கட்டியிருக்கிறார்கள். நானும் மேலே 'பிழைக்கிறது', 'காப்பாற்றியவனே' என்றெல்லாம் எழுதிவிட்டேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

இருந்தாலும் ஒரு வித்தியாசம் நிற்கிறது, அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. தலையெழுத்தை அழிக்க முடியாது. வாசிப்பை மாற்றலாம். முதுகெலும்பு நரம்பணுக்கள் கழிந்து, கைக்குழந்தைகளின் தசை சூம்பிப்போகிற ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோஃபி என்ற நோய். எஸ்.எம்.என். என்ற புரதம் போதாததால் வருவது. அந்தப் புரதத்துக்கான மூலம் கெட்டுப்போனாலும், ஏறக்குறைய அதே மாதிரி இன்னொரு மூலம் இந்த நோயாளிகளிடம் இருக்கிறது. ஆனால் அதில் ஏழாவது துண்டு பெரும்பாலும் வாசிக்கப்படாமல் விடப்படுகிறது. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட நுஸினெர்சென் என்ற மருந்து என்ன செய்கிறது? ஜீனைத் தொடுவதில்லை. ஏழாவது துண்டைத் தாண்டவைக்கிற புரதம் வந்து உட்காருகிற இடத்தைப் போய் அடைத்துக்கொள்கிறது. துண்டு வாசிக்கப்படுகிறது. இரண்டு வயதுக்குள் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளில் பலர் உட்காருகிறார்கள், சிலர் நடக்கிறார்கள். அம்மா இருந்திருந்தால் இதை அவளிடம் சொல்லியிருப்பேன். நம்பியிருக்க மாட்டாள், விலையைக் கேட்டதும் தலையெழுத்து என்றிருப்பாள், அதில் நியாயமும் இருந்திருக்கும்.

*

ஊர்ப் பெயரில் நோய்கள் உண்டு. மதுரைக்கு ஒரு பாதம். நமக்கு மெட்ராஸ் ஐ, எல்லோருக்கும் தெரிந்தது, கறுப்புக் கண்ணாடியோடு தீர்ந்துபோவது. தீராத இன்னொன்று இருக்கிறது. 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி என்ற மூன்று மெட்ராஸ் டாக்டர்கள் 'நியூராலஜி இந்தியா' பத்திரிகையில் ஒரு குறிப்பு எழுதினார்கள். ராமமூர்த்தி, 1950இல் ஜெனரல் ஆஸ்பத்திரியில் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கியவர். இயக்க நரம்பணுக்கள் சாகிற நோய் மற்ற தேசங்களில் பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வந்து, மூன்று நான்கு வருஷத்தில் ஆளை முடித்துவிடும். இங்கே அவர்கள் பார்த்ததோ பதின்வயதிலும் இருபதுகளிலும் வருவது: கை கால் சமமில்லாமல் சூம்பும், முகமும் நாக்கும் தொண்டையும் தளரும், காது போய்விடும். ஆனால் ஆள் பல வருஷம் இருப்பான். உலகத்தில் இது அங்கொன்றும் இங்கொன்றுமாகவும், தென்னிந்தியாவில் சற்று அதிகமாகவும் பார்க்கப்பட்டிருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் 1971 முதல் 2007 வரை 36 வருஷத்தில் 116 பேரைப் பதிவு செய்திருக்கிறார்கள். 1996இல் ஊர் பெயர் மாறியது. ஐகோர்ட், யுனிவர்சிடி, ஐ.ஐ.டி., இந்த நோய் - இவை மட்டும் இன்னும் மெட்ராஸில் இருக்கின்றன.

தம்பி 1955இல் பிறந்தவன். 1972 டிசம்பரில் ரேடியோவில் கச்சேரி அஞ்சல் வரும்போது சத்தத்தைத் திருகித் திருகி ஏற்றுவான். பக்கத்துப் போர்ஷன்காரர் சுவரைத் தட்டுவார். அப்பா வந்து குறைப்பார், இவன் மறுபடி ஏற்றுவான். திமிர் என்று அப்பா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினேழு வயசில் எனக்கும் அது இருந்தது. அடுத்த வருஷம் கூப்பிட்டால் திரும்பாமல் போனான். 1974இல் பேச்சு மூக்கால் வர ஆரம்பித்தது, இடது கையில் கட்டைவிரல் மேடு பள்ளமாயிற்று. 1975இல் ஒரு டாக்டர் பெயர் சொன்னார். சொல்லிவிட்டு, "இது நம்ம ஊர்க்காரன்தான் சார்" என்று சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை, வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

இப்போதிருக்கிற அறிவை வைத்து நான் ஒரு கதை சொல்லிவிடலாம். 2006இல், பெரியவர்களுக்கு வருகிற இயக்க நரம்பு நோயில், சாகிற நரம்பணுக்களுக்குள் டி.டி.பி.-43 என்ற புரதம் உட்கருவைக் காலி செய்துவிட்டு வெளியே கட்டியாகிக் கிடப்பதைக் கண்டார்கள். அதுவும் ஆர்.என்.ஏ.வைப் பற்றும் புரதம்தான். அந்த நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களிடம் இது உண்டு. 2015இல் தெரிந்தது, இதன் வேலைகளில் ஒன்று வாசிக்கக்கூடாத துண்டுகளை வாசிக்கவிடாமல் காவல் இருப்பது என்பது. அது உட்கருவில் இல்லாதபோது இடைச்செருகல்களெல்லாம் சேதிக்குள் நுழைந்துவிடுகின்றன; சேதி உளறலாகிறது; நரம்பின் நீண்ட தண்டைப் பராமரிக்கிற புரதங்கள் இல்லாமல் போகின்றன. கட்டுரைக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள். ஆனால் தம்பிக்கு வந்த மெட்ராஸ் நோயின் காரணம் இன்றுவரை நிறுவப்படவில்லை. நரம்பணு இந்த நோய்களில் சரியாக எந்த வழியில் சாகிறது, அது உதிர்வதா வேறு ஒன்றா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. ஆகவே டி.டி.பி.-43ஐக் கொண்டுவந்து தம்பியோடு 'மாட்டு' போட எனக்கு உரிமை இல்லை. ஆசை இருந்தது. அந்த ஆசையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை என்றுகூடச் சொல்லலாம்.

காது முழுக்கப் போன பிறகு அவனோடு பேச்செல்லாம் சீட்டில். அப்பாவின் ஆபீஸ் காகிதங்களின் பின்பக்கத்தைக் கிழித்து நூல் கோத்துக் கட்டித் தொங்கவிட்டிருப்போம். நாங்கள் எழுதினால் அவன் படிப்பான். நாக்கும் தளர்ந்த பிறகு அவனும் எழுத வேண்டியதாயிற்று. விரல் சீக்கிரம் ஓய்ந்துவிடும், அதனால் சொற்களின் கடைசியை விட்டுவிடுவான். 'தண்ணி கொடுங்', 'லைட் அணை', 'அண்ணா எப்ப வரு'. எங்கள் வீட்டில் வாலில்லாத இந்தத் தமிழை எல்லோரும் படிப்போம். நான் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பதைக் குறைத்தேன். அலுவலகம், கல்யாணம், பத்திரிகை, கூட்டங்கள். சாயங்காலம் வந்தால் நாலைந்து சீட்டு காத்திருக்கும். மேலே இருப்பதைப் பார்த்துவிட்டு மீதியை அப்படியே மடித்துவைத்துவிடுவேன். ராஃப் எழுதியதைப் படித்து ஏன் சோறு இறங்கவில்லை என்று கேட்டால், இதனால்தான். 'இரு' என்று யாராவது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார் அந்த மனிதர். சொல்லிக்கொண்டிருந்தது அம்மாவும், அம்மாவுக்குப் பிறகு என் தங்கையும்.

2009இல் அவனுக்கு 54 வயசு. கஞ்சி புரையேறி, சளி நெஞ்சில் கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் நாள் ராத்திரி மூச்சு மோசமாயிற்று. தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்கலாம், வைத்தால் பிறகு எடுக்க முடியுமா என்று சொல்ல முடியாது என்றார்கள். அவனுக்கு நினைவு இருந்தது. தங்கைதான் எழுதிக் காட்டினாள்: 'மூச்சுக்குக் குழாய் போட்டால் சுலபமாக இருக்குமாம். போடலாமா?' பென்சிலை அவன் விரலில் செருகி, மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் எடுத்து ஒரே ஒரு சொல் எழுதினான். நான் அதை வாங்கிப் படித்தேன். 'போதும்' என்று இருந்தது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். குழாய் போடவில்லை. மறுநாள் சாயங்காலம் போய்விட்டான்.

இப்போதென்றால் இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. 2018இல் காமன் காஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதன்படி, இன்னின்ன சிகிச்சை வேண்டாம் என்று நினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். 2023இல் நடைமுறையை இன்னும் எளிதாக்கினார்கள்; இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி, பிறகு டாக்டர்கள் குழு இரண்டு. நல்ல ஏற்பாடு. 2009இல் எங்களிடம் இருந்தது ஒரு பென்சில்.

பதினாறு நாள் கழித்துத் தங்கை அந்தச் சீட்டைக் கேட்டாள். கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "அண்ணா, நடு எழுத்து து-வா, டு-வா?" என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். பென்சில் அழுந்தாத கோடு. து-வின் சுழி இருக்கிற மாதிரி இருக்கிறது. டு-வின் மடிப்பு என்றாலும் மடிப்புதான். கடைசி எழுத்து கீழே வழுக்கிப்போயிருக்கிறது. ம் என்றால் ம். அவன் எப்போதும் விடுகிற வாலை விட்டிருந்தால், அது ங். போடுங்.

தங்கை அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

பிரெஞ்சு நண்பரிடம் இதை ஒரு தடவை சொன்னேன். அவர் உண்மையிலேயே கஷ்டப்பட்டார். பிறகு ஆறுதலாக, "நீர்தான் எழுதியிருக்கிறீரே, வாசகன் என்பவன் அந்த நேரத்துச் சூழ்நிலைகள் கூடுகிற ஒரு இடம். உம்ம களைப்பு, வருஷக்கணக்கான களைப்பு, அது உம்ம கையைப் பிடித்துப் படிக்க வைத்திருக்கும். அதில் நீர் எங்கே வந்தீர்?" என்றார். டியா-1 என்று என்னை நினைத்துக்கொள்ளச் சொன்னார், சுருக்கமாக. இரண்டு மூன்று மாசம் அது எனக்கு உபயோகமாகவே இருந்தது. அம்மாவின் முகத்தில் பார்த்த அந்த நிம்மதி. ஆனால் ஒரு விஷயத்தில் அது ஒத்துவரவில்லை. டியா-1 தான் உட்கார்ந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னொரு தடவை எழுதிக் காட்டு என்று அவனிடம் கேட்டிருக்கலாம். அவனுக்குப் பலம் இருந்திருக்குமா என்பது வேறு. தங்கையிடம் சீட்டை நீட்டியிருக்கலாம், பக்கத்தில்தான் நின்றாள். ஒரு நிமிஷ வேலை. நான் செய்யவில்லை. 'போதும்' என்பதைப் படித்தபோது எனக்குள் என்ன நடந்தது என்பதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதிர்ச்சி இல்லை. எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரு சொல் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

அவன் எழுதியது 'போதும்' ஆகவே இருந்திருக்கலாம். 37 வருஷத்துக்குப் பிறகு ஒருவன் அப்படி எழுதுவதற்கு நியாயம் இருக்கிறது. அது அவனுடைய முடிவு என்றால் அதை நடத்திக் கொடுத்தது சரி. இந்தப் பக்கமும் நான் யோசித்துப் பார்க்காமல் இல்லை.

மெட்ரோ ரயிலுக்குத் தோண்டியதில் ஆழ்வார்பேட்டையே அடையாளம் தெரியவில்லை. எங்கள் போர்ஷனும் வாதுமை மரமும் இருந்த இடத்தில் அதற்கும் முன்பே ஃப்ளாட் வந்துவிட்டது. சீட்டு என்னிடம்தான் இருக்கிறது, பழைய பத்திரிகைகளுக்கு நடுவே, ஒரு பாலிதீன் உறையில். பென்சில் வருஷத்துக்கு வருஷம் மங்குகிறது. போன மாசம் தங்கை வந்திருந்தபோது அதைக் கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். என் பேரன் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று தெரியாமல், உரக்கப் படித்தான். என்ன படித்தான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. தங்கை சீட்டை உறைக்குள் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, காபி கலக்க உள்ளே போனாள்.